பேயின் சுவிட்ச் எங்கே? (கேள்வி-பதில்)

இந்த முறை முழுக்கப் பேய்க் கேள்விகள். எழுதியவர்களில் பயந்தவர்களும் உண்டு, சவால் விட்டவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே மரியாதையோடு பதில்.

அமெரிக்காவில் ஒரு ரெஸ்டாரன்டில் பேய் உலவுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பார்த்தால் பேய்க்கே கரன்ட் கனெக்‌ஷன் கொடுத்திருந்தார்களாமே?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

உண்மைதான். கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, பசிபிக் கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது மாஸ் பீச் டிஸ்டிலரி. 1927-இல் ஃபிராங்க் டோரஸ் என்பவர் 'ஃபிராங்க்ஸ் பிளேஸ்' என்ற பெயரில் தொடங்கியது. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. 1920-இல் வந்து 1933 வரை நீடித்தது. கனடாவிலிருந்து கப்பலில் வந்த விஸ்கி இருட்டோடு இருட்டாகக் கீழே கடற்கரையில் இறங்கும். மேலே விடுதியில் ரகசியமாகக் கோப்பைகள் நிறையும்.

அந்தக் காலத்தைச் சுற்றிப் பின்னிய கதைதான் 'நீல உடைப் பெண்'. கல்யாணமானவள், விடுதியில் பியானோ வாசித்தவன்மேல் காதல் கொண்டாள், கடற்கரையில் கொலையானாள் என்பார்கள். கார் விபத்தில் இறந்தாள் என்பாரும் உண்டு. சாவு மாறும், உடையின் நிறம் மாறாது. 'அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்' தொலைக்காட்சித் தொடரில் வந்ததும் கதை நாடு முழுக்கப் பரவியது.

பிறகு 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சியின் குழு கேமராவோடு வந்தது. தானாக ஆடிய தொங்கு விளக்கு, கழிவறையில் கேட்ட குரல், கண்ணாடியில் தோன்றிய பெண் முகம் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தது. விளக்கை ஆட்டக் கருவி இருந்தது. குரலுக்கு ஒலிபெருக்கி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. முகமும் கண்ணாடிக்குப் பின்னால் செய்து வைத்த ஏற்பாடுதான். குட்டு உடைந்தது.

கண்ணாடியில் முகம் எப்படி வரும்? கொஞ்சம் விளக்குங்களேன்.
(பள்ளி ஆசிரியை, கரூர்)

வகுப்பிலேயே செய்து காட்டலாம், டீச்சர். சாதாரணக் கண்ணாடியின் முதுகில் வெள்ளிப்பூச்சு கெட்டியாக இருக்கும், ஒளி புகாது. இந்த வேலைக்கு வைக்கும் கண்ணாடியில் பூச்சு மெல்லியது. விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், மறு பகுதியை உள்ளே விடும். பின்னால் ஒரு பெட்டி, உள்ளே கறுப்பு வண்ணம், நடுவில் ஒரு முகத்தின் படம் அல்லது முகமூடி, அதன்மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு. பல்பு அணைந்திருக்கும்வரை முன்னால் நிற்பவருக்குத் தன் முகம் மட்டுமே தெரியும். பல்பு எரிந்த நொடியில் பின்னால் இருக்கும் முகம் மேலெழும்பி வரும். பல்பு மெதுவாக எரிந்து மெதுவாக அணைந்தால் இன்னும் நல்லது. 'வந்தாள், பார்த்தாள், கரைந்தாள்' என்று சொல்ல ஆள் தயார்.

ஆள் வந்தால் உணரும் சென்சாரை இதில் சேர்த்துவிட்டால், தனியாக நிற்பவருக்கு மட்டும் முகம் காட்டவும் முடியும். கழிவறை வசதியான இடம். அங்கே துணைக்கு யாரும் இருப்பதில்லை, கேமராவும் வைக்க முடியாது. கை கழுவ வந்தவர் எப்படியும் கண்ணாடியைப் பார்த்தே தீருவார்.

சோதிக்க எளிய வழி உண்டு. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் கண்ணைச் சுற்றி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பாருங்கள். பின்னால் பெட்டி இருந்தால் தெரிந்துவிடும்.

வருகிறவர்களுக்கு ஒரு கிளுகிளுப்பு, கடைக்காரருக்கு நாலு காசு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?
(வணிகர், ஈரோடு)

முதல் நஷ்டம் பேயை நம்புகிறவருக்கு. மாஸ் பீச்சில் லாய்ட் ஆவர்பாக் என்ற ஆய்வாளர் பல வருஷம் தகவல் திரட்டினார். ஆவி என்பதை ஒதுக்கித் தள்ளாமல் அக்கறையோடு ஆராய்கிறவர் அவர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மோட்டாரை மறைத்து வைத்தால் என்ன ஆகும்? அதற்கு முன்னும் பின்னும் யார் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும், 'அது மோட்டாராக இருக்கும்' என்று ஒதுக்கிவிடலாம். நேர்மையாகச் சொன்னவருடைய சாட்சியமும் அதோடு கெட்டுப்போகிறது.

இரண்டாவது நஷ்டம் பயந்தவருக்கு. கிளுகிளுப்புக்குச் சம்மதித்தவர் கேட்டு வாங்கினார். கழிவறைக்குப் போனவர் எதற்கும் சம்மதிக்கவில்லை.

பொய்ப் பேய் காட்டுவது தப்பில்லை. பொய் என்பதை மறைப்பதுதான் தப்பு. இன்று முழுக்க நான் சொல்லப்போவதும் இதுதான்.

அப்படியானால் மேஜிக் செய்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

இல்லை கண்ணு. மேஜிக் கலைஞர் 'உன்னை ஏமாற்றப்போகிறேன்' என்று மேடையேறும்போதே சொல்லிவிடுகிறார். நீயும் டிக்கெட் வாங்கி, ஏமாறத் தயாராக உட்கார்ந்திருக்கிறாய். அது ஒப்பந்தம். உன்னிடம் சொல்லாமல் செய்தால்தான் மோசடி.

பேய் காட்டும் வித்தை எப்போது தொடங்கியது?
(நாடகக் கலைஞர், புதுச்சேரி)

உங்கள் தொழிலுக்குள்தான் வளர்ந்தது. 1790-களின் இறுதியில் பாரிஸில் ராபர்ட்சன் என்பவர் சக்கரம் வைத்த மாய விளக்கைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, எலும்புக்கூடுகளையும் செத்தவர்களின் உருவங்களையும் காட்டினார். விளக்கைத் தள்ளத் தள்ள உருவம் பெரிதாகி, பார்ப்பவர்மேல் பாய்வதுபோல் இருக்கும். பழைய மடம் ஒன்றின் இருட்டையே அரங்கமாக்கினார். ஆனாலும் தன்னைப் பௌதிகம் அறிந்தவன் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது லண்டன். 1862 டிசம்பர் 24, ராயல் பாலிடெக்னிக் என்ற அறிவியல் நிலையம். ஜான் ஹென்றி பெப்பர் என்ற விரிவுரையாளர், டிக்கன்ஸ் எழுதிய ஒரு பேய்க் கதையின் காட்சியை மேடையேற்றினார். மேடைக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை சாய்வாக நின்றது, யார் கண்ணுக்கும் தெரியாது. கீழே பள்ளத்தில் கறுப்புத் துணிக்கு நடுவே வெள்ளை உடையில் ஒரு நடிகர். அவர்மேல் பளீரென்று விளக்கு விழுந்ததும் அவருடைய பிம்பம் கண்ணாடியில் பட்டு மேடையில் நிற்கும். மேடையில் இருப்பவர் வாள் வீசினால் உடம்புக்குள் புகுந்து வெளியே வரும். மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. பெயர் மட்டும் 'பெப்பரின் பேய்' என்று நிலைத்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த பேய் மாளிகையில், நடனக் கூடத்தில் ஆவிகள் சுற்றிச் சுற்றி ஆடுகின்றனவே, அதுவும் இதே கண்ணாடி வித்தைதான். எல்லோரும் தெரிந்தே போகிறார்கள், வாய் பிளந்து திரும்புகிறார்கள். உண்மை தெரிந்தால் வியப்பு செத்துவிடும் என்று பயப்படுகிற கடைக்காரர்கள் ஒருமுறை அங்கே போய் வரிசையில் நிற்கலாம்.

குட்டை உடைத்த அந்த டிவி குழுவைப் பாராட்ட வேண்டாமா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், விருதுநகர்)

மனமாரப் பாராட்டலாம். 2004-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் தலைவர்கள் இருவரும் பிளம்பர் வேலை பார்த்தவர்கள். சுவருக்குள் தட்டுகிற சத்தம் கேட்டால் ஆவியைத் தேடும் முன் குழாயைத் தேடுகிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நல்ல பழக்கம்.

ஆனால் அடுத்தவர் வீட்டில் வயரைத் தேடும் கண், தன் கையில் இருக்கும் கருவியையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். அங்கேதான் இந்த நிகழ்ச்சிகள் சறுக்குகின்றன. 2008 ஹாலோவீன் இரவில் டெலாவேர் கோட்டையிலிருந்து இதே குழு நேரலை நடத்தியபோது, உறுப்பினர் ஒருவரின் ஜாக்கெட்டை ஏதோ பின்னாலிருந்து இழுத்ததாகக் காட்டினார்கள். பார்த்த ரசிகர்களே 'நூல் எங்கே?' என்று கேட்டார்கள். கேட்டது சரிதான். அந்தக் கேள்வியை ரசிகர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான்.

அவர்கள் கையில் ஒரு கருவி சிவப்பாக மின்னுகிறதே, பேய் வந்தால்தானே மின்னும்?
(ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

அது மின்காந்தப் புலத்தை அளக்கும் மீட்டர். வீட்டு வயரிங், ஃபிரிட்ஜ், மின்பெட்டி போன்றவற்றைச் சுற்றி எவ்வளவு புலம் இருக்கிறது என்று பார்க்கச் செய்தது. செல்போனுக்கும் வாக்கி-டாக்கிக்கும்கூட மின்னும். படப்பிடிப்புக் குழுவில் ஆளுக்கொரு ஒயர்லெஸ் மைக், இடுப்பில் வாக்கி-டாக்கி, பாக்கெட்டில் போன். பேய் வராவிட்டாலும் விளக்கு எரிய இது போதும். 'மீட்டர் மின்னியது' என்பது தகவல். 'பேய் வந்தது' என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

வெப்பமானியில் திடீரென்று குளிர் காட்டுகிறதே?
(குடும்பத் தலைவி, திண்டுக்கல்)

துப்பாக்கி மாதிரி நீட்டுகிற அந்த வெப்பமானி காற்றை அளப்பதில்லை. எதிரே எந்தப் பரப்பில் குறி விழுகிறதோ அதன் சூட்டைத்தான் சொல்லும். மரக் கதவிலிருந்து ஜன்னல் கண்ணாடிக்குத் திருப்பினாலே எண் விழும். அறையின் நடுவே 'குளிர்ந்த உருவம்' நின்றது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இறந்தவர் குரல் ரேடியோவில் வருகிறதாமே?
(வாசகர், தர்மபுரி)

ஸ்டேஷன்களை நிற்காமல் தாண்டித் தாண்டி ஓடும் ரேடியோ அது. துண்டு துண்டாகச் சொற்கள் விழத்தான் செய்யும். ஒன்று செய்து பாருங்கள். 'கேளுங்கள், போ என்கிறது' என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமல், திரையில் எழுத்தும் போடாமல், பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேட்க வையுங்கள். ஒவ்வொருவரும் தனக்குக் கேட்டதைத் தாளில் எழுதட்டும். பத்துத் தாளும் ஒத்துப்போனால் மேற்கொண்டு பேசுவோம்.

இந்த நிகழ்ச்சிகளில் எப்போதும் ஏன் நடுராத்திரி? விளக்கைப் போட்டுத் தேடினால் என்ன?
(மாணவர், கோவை)

தேடுவதற்கு வெளிச்சம் நல்லது. படத்துக்கு இருட்டு நல்லது. இருட்டில் கண்ணும் காதும் ஊகித்து நிரப்பும். கேமராவின் இரவுக்காட்சிப் பச்சை எல்லோரையும் பயந்தவர்களாகக் காட்டும். ஒரு முழு இரவைச் சுருக்கி முக்கால் மணி நேரமாக்கும்போது, ஒன்றும் நடக்காத மணிகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. ஆனால் ஆராய்ச்சிக்கு முக்கியம் அந்த வெட்டுப்பட்ட மணிகள்தான். சத்தம் எத்தனை முறை வரவில்லை என்று தெரிந்தால்தான் வந்ததற்கு அர்த்தம்.

ஆவி உடம்பில் இறங்கிப் பேசுகிறதை டிவியில் பார்த்தேன். நடிப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?
(தையல் கலைஞர், திருப்பூர்)

பார்த்து மட்டும் சொல்ல முடியாது, சோதித்தால் சொல்லலாம். பிரிட்டனில் 2002-இல் 'மோஸ்ட் ஹான்டட்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. டெரெக் அகோரா என்பவர் ஆவிகளோடு பேசுகிறவராக அதில் வருவார். கியரன் ஓகீஃப் என்ற உளவியலாளரும் குழுவில் இருந்தார். ஓகீஃபுக்குச் சந்தேகம். இடத்தைப் பற்றிய தகவல் அகோராவுக்கு முன்கூட்டியே போகிறதோ?

ஒரு பொறி வைத்தார். போட்மின் சிறையில் படப்பிடிப்பு. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த 'க்ரீட் கேஃபர்' என்ற சிறை அதிகாரி அங்கே இருந்ததாகக் கதை கட்டி, அந்தப் பெயர் படப்பிடிப்புக்கு முன்பே அகோராவின் காதில் விழும்படி செய்தார். அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை. பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'டெரெக் போலி' என்ற பொருள் வரும். படப்பிடிப்பில் அகோராவின் உடம்பில் க்ரீட் கேஃபரே இறங்கிப் பேசிவிட்டார். இன்னொரு இடத்தில் 'ரிக் ஈடல்ஸ்' என்ற வழிப்பறிக்காரனை உருவாக்கினார். எழுத்துகளைக் கலைத்தால் 'டெரெக் பொய் சொல்கிறார்'. அவனும் வந்தான்.

2005-இல் ஓகீஃப் இதைப் பத்திரிகைக்குச் சொன்னார், அகோரா மறுத்தார். அதே ஆண்டில் பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், இந்த நிகழ்ச்சியைப் பொழுதுபோக்கு என்றுதான் கொள்ள வேண்டும், முறையான புலனாய்வாக அல்ல என்று முடிவு சொன்னது. அந்த ஒரு வரியை ஒவ்வொரு நிகழ்ச்சியின் தலையிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இல்லாத ஆளின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதற்கு மீட்டர் வேண்டாம், கேமரா வேண்டாம். இதுவரை நடந்த பேய்ப் புலனாய்வுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

என் பத்து வயதுப் பையன் இப்படிப்பட்ட நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூம் போகக்கூட என்னை எழுப்புகிறான். திட்டுவதா, விட்டுவிடுவதா?
(ஒரு தாய், தாம்பரம்)

திட்டாதீர்கள் அம்மா, கூடப் போங்கள். அவன் பயம் பொய்யில்லை.

1992 அக்டோபர் 31 இரவு பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சியைக் காட்டியது. முன்பே எழுதிப் படமாக்கிய நாடகம் அது. ஆனால் நேரலைப் புலனாய்வு மாதிரி அமைத்திருந்தார்கள். மைக்கேல் பார்க்கின்சன் போன்ற, நாடே நம்பிய தொகுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டில் பேய் அட்டகாசம் செய்வதாகக் காட்சி. பெரியவர்களே நிஜம் என்று நம்பினார்கள், புகார்கள் குவிந்தன. 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், இதைப் பார்த்த பத்து வயதுப் பையன்கள் இருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை.

பகலில் பையனை உட்கார வைத்து, அந்த நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் ஓட விடுங்கள். பின்னணி இசை போனதும் பாதிப் பயம் போய்விடும். 'கேமராக்காரர் இப்போது எங்கே நிற்கிறார் சொல்லு' என்று கேளுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்று புரிந்த பிள்ளை பேயைத் தேடாது, ஆளைத் தேடும். பல வாரம் கழித்தும் பயம் குறையாவிட்டால் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதை யாராவது சோதித்தார்களா?
(தமிழாசிரியர், மன்னார்குடி)

சோதித்தார்கள், ஐயா. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, மூடிக்கிடந்த ஒரு பழைய திரையரங்கைச் சுற்றிவரச் செய்தார்கள். ஒரு குழுவிடம் 'இங்கே பேய் நடமாட்டம் உண்டு' என்றும், மற்றதிடம் 'புதுப்பிக்கும் வேலை நடக்கிறது' என்றும் சொன்னார்கள். கட்டடம் ஒன்றுதான். விநோத அனுபவங்களை அதிகம் சொன்னது முதல் குழு.

லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரின் குழு 2009-இல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. தனியாகக் கட்டிய ஓர் அறைக்குள் 79 பேரை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். விநோத அனுபவம் ஏற்படலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிலர் இருந்தபோது காதுக்கு எட்டாத தாழ்ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்தினார்கள், சிலருக்கு எதுவும் இல்லை. பலர் தலைசுற்றல், யாரோ கூட இருக்கும் உணர்வு என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கருவி ஓடியதற்கும் அந்த அனுபவங்களுக்கும் தொடர்பே தெரியவில்லை. 'ஏதோ நடக்கலாம்' என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கும் என்பதே அவர்களுடைய விளக்கம்.

மாஸ் பீச் உணவகத்துக்கு மோட்டார்கூடத் தேவைப்பட்டிருக்காது. வாசலில் கதை இருந்தது, அதுவே போதும்.

பேய்க்குக் காரணம் மின்விசிறி என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?
(மின் பணியாளர், ஓசூர்)

ஒரு பேய்க்கு அது காரணமாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஆய்வகத்தில் இரவில் தனியாக இருந்தபோது உடல் வியர்த்தது. கண்ணோரம் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். திரும்பினால் இல்லை. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைச் சீர்செய்ய இடுக்கியில் பிடித்து வைத்தார். யாரும் தொடாமல் அலகு படபடவென்று அதிர்ந்தது. பயந்து ஓடாமல் அளந்து பார்த்தார். புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறியிலிருந்து, நொடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேட்காத தாழ்ஒலி அறையில் தேங்கி நின்றது. விசிறியைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

எல்லாப் பேய்க்கும் இதையே மருந்தாகக் கொடுக்க முடியாது. முந்தைய பதிலில் சொன்ன லண்டன் அறையில் தாழ்ஒலி எடுபடவில்லை. டாண்டியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விசிறியை அல்ல, வாள் ஆடியதும் அளக்கத் தோன்றியதே, அந்தப் புத்தியை.

வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, யாரோ நடக்கிற சத்தம், செடிகூட வாடுகிறது. மந்திரவாதியைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், ஊட்டி)

இந்தப் பதிலைப் படித்ததும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். காலடிச் சத்தம், அந்நிய உருவங்கள், தலைவலி, வாடிய செடிகள், நீங்கள் எழுதியது அப்படியே. வீட்டைச் சூடேற்றும் உலை பழுதாகி, புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு. உலையைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, ஆளையே கொல்லும். அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்கிறீர்களா? பாத்ரூமில் காஸ் கீசர் இருக்கிறதா? ஜெனரேட்டர் பக்கத்தில் ஓடுகிறதா? இன்றே நிறுத்திவிட்டு, எல்லோரும் மருத்துவரைப் பாருங்கள், என்ன எரிகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மந்திரவாதி ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி போடுவார். அது உங்கள் ஆபத்தைக் கூட்டும்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பேயைத் தேடிப் போனவர்கள் யாரும் இல்லையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் ஊரிலேயே பாடம் நடத்தினார் ஒருவர். ஆபிரகாம் கோவூர், 1898-இல் திருவல்லாவில் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். 1959-இல் ஓய்வு பெற்றபின், பேய், செய்வினை, மறுபிறவி என்று இலங்கையில் எங்கே கூப்பிட்டாலும் போனார். சோதனை நிபந்தனைகளுக்கு உட்பட்டு அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. டிவிக்காரர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது ஒன்று உண்டு. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவரிடம் உட்கார்ந்து, அவருடைய துக்கம் என்ன என்று கேட்டார். கோவூரின் குறிப்புகளிலிருந்து 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படமே வந்தது.

பேய் வீடு என்று சட்டம் ஒப்புக்கொண்டது உண்டா?
(சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

உண்டு, நீங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு. நியூயார்க் மாநிலத்தில் நயாக் என்ற ஊர். வீட்டின் சொந்தக்காரர் தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாகப் பத்திரிகைகளில் சொல்லிப் பிரபலப்படுத்தினார். விற்கும்போது மட்டும் அதைச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்து முன்பணம் கட்டியவருக்கு விஷயம் பின்னால் தெரிந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊருக்கெல்லாம் பேய் உண்டு என்று சொன்னவர் இப்போது மறுக்க முடியாது, சட்டத்தைப் பொறுத்தவரை அது பேய் வீடுதான் என்று சொல்லி, வாங்கியவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. பேய் உண்டா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கச் சொன்னது. பேய்க்கதை விற்கிற உணவகத்துக்கும் டிவி சேனலுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஹுடினி செத்தபிறகு ஆவியாக வந்தாரா?
(வாசகர், காரைக்கால்)

வரவில்லை. ஆவி அழைப்பவர்களின் தந்திரங்களைத் தன் கடைசி ஆண்டுகளில் அம்பலப்படுத்திய மேஜிக் கலைஞர் ஹுடினி, 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். வர முடிந்தால் ரகசியச் செய்தியோடு வருவதாக மனைவி பெஸ்ஸிடம் சொல்லியிருந்தார். பெஸ் பத்து வருஷம் காத்திருந்து, 1936-இல் போதும் என்று நிறுத்தினார். காத்திருந்தது அன்பு. வராததை வந்ததாகச் சொல்லாதது நேர்மை. இரண்டுமே பெரிது.

'பேய் உணவகம்' என்றே ஒன்று தொடங்க ஆசை. உங்கள் ஆசி உண்டா?
(கேட்டரிங் பட்டதாரி, சென்னை)

நிச்சயம் உண்டு. வாசலில் மூன்று விஷயம் எழுதிப் போடுங்கள். ஒன்று, இங்கே வரும் பேய்கள் எங்கள் தயாரிப்பு. இரண்டு, இதய நோயாளிகளும் சின்னப் பிள்ளைகளும் உட்கார அமைதியான பகுதி தனியாக உண்டு. மூன்று, கழிவறையில் எந்த வித்தையும் கிடையாது. சாப்பிட்டு முடித்தவர்களைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். பிள்ளைகள் அதற்காகவே மறுபடி வருவார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே விளக்கு தானாக ஆடுகிறது. முதலில் என்ன செய்வது?
(வாசகி, கும்பகோணம்)

முதலில் பக்கத்து விளக்கைப் பாருங்கள். எல்லாம் ஆடினால் காற்றோ நில அதிர்வோ. ஒன்று மட்டும் ஆடினால் இன்னும் அரை மணி அங்கேயே உட்காருங்கள். ஒரே இடைவெளியில் ஆடுகிறதா, யாராவது குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மட்டும் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, 'இது உங்கள் ஏற்பாடா?' என்று நேராகக் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் கை தட்டுங்கள். 'இல்லை' என்றால் ஓர் ஏணி கேளுங்கள். ஏணி கொண்டுவருகிறவரோடு சேர்ந்து தேடுங்கள், அவரும் உங்களைப் போலத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர். ஏணி தர மறுத்தால் சாப்பாட்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். கதையைக் காசு கொடுத்து வாங்கி வராதீர்கள்.